தூண்டில் கம்பில் மாவிலைத் தோரணம்

சென்ற சனிக்கிழமை காலை, பூசையை முடித்துக்கொண்டு வாசற்கதவைத் திறந்தால், எங்கள் மாடி நடைபாதையில் ஒரு வரிசை நின்றது.

என் வீட்டுக்கு அல்ல. பக்கத்து வீட்டுக்கு.

ஒருவர் கையில் ஆரஞ்சுப் பழம். இன்னொருவர் கையில் ஊதுபத்திக் கட்டு. மற்றவர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர்களுக்குப் பதினோராம் மாடியில் என்ன வேலை? யாரேனும் காலமாகிவிட்டார்களோ? ஆனால் துக்க வீட்டை யாரும் இவ்வளவு ஆவலோடு எட்டிப் பார்ப்பதில்லையே...

"என்னா அங்கிள், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் வரிசையின் முன்னால் நின்ற முனியாண்டி. மாக் மண்டினில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். "எல்லாரும் வெயிட் பண்றாங்க லா. சீக்கிரம் போயித் தட்டுங்க."

எதைத் தட்டச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் தட்டுவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படித்து வருவோர் அடியேனைப் பதிகங்களுக்குப் பொருள் சொல்லும் கிழவனாகவே அறிவார்கள். எனக்கு இன்னொரு பித்தும் உண்டு. அமெச்சூர் ரேடியோ! முறையாக உரிமம் பெற்று, வீட்டில் இருந்தபடியே, கடலுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு பித்தனோடு வானலை வழியே பேசுவது. வாயாலும் பேசலாம். நான் பேசுவதில்லை, மோர்ஸ் தட்டுகிறேன். சிறிய சாவி ஒன்றை விரலால் அழுத்தி, குறுகிய ஒலியும் நீண்ட ஒலியுமாக எழுத்துக்களை அனுப்பும் பழைய முறை.

பக்திக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. இரண்டிலும், கேட்பவர் இருக்கிறாரா என்று தெரியாமலே அழைக்கிறோம். அழைப்பது நம் வேலை. பதில் வருவது அருள்.

ஆனால் பக்திக்கு ஆன்டெனா வேண்டியதில்லை. ரேடியோவுக்கு வேண்டும். உயரத்தில், வெட்டவெளியில், நீளமான கம்பி. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவன் வெட்டவெளிக்கு எங்கே போவான்?

எங்கள் கட்டடத்தின் விதி கண்டிப்பானது. பால்கனிக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது. ஈரத்துணி கூடாது, சட்டிலைட் தட்டு கூடாது, பூந்தொட்டியும் கூடாது. சமயப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சீனர்களின் சிவப்பு விளக்குக்கூடு, நம்மவர்களின் தோரணம், நோன்புப் பெருநாள் சரவிளக்கு ஆகியவற்றைக் கழற்றச் சொல்லும் துணிவு எந்தக் கமிட்டிக்கு உண்டு?

முதலில் துணி காயப்போடும் கொடியில் கம்பியைக் கட்டினேன். லிஃப்ட் ஏறும்போது ஒரு முனகல் கேட்டது. இறங்கும்போது இன்னொரு முனகல். உலகம் கேட்கவில்லை. அடுத்து ஜன்னல் கிரில்லையே ஆன்டெனாவாக்கினேன். எங்கள் மாடியில் ஓடிய ஏர்கான் அத்தனையும் என் காதுக்குள் ஓடியது. இறுதியில், பூசை அறையின் மூலையில் தொடங்கி, ஹாலின் கூரையை ஒட்டி, பால்கனி வரை நீண்ட கம்பி ஒன்றை இழுத்தேன். அப்போதும் ஒரு கை நீளம் போதவில்லை. அந்த ஒரு கை நீளம் வெளியே நீண்டே ஆக வேண்டும்.

அதற்கு ஏற்றது கண்ணாடியிழைத் தூண்டில் கம்பு. இலேசானது, வளையும், ஒடியாது, மின்சாரமும் பாயாது. பிறந்தது முதல் மீனைத் தொட்டறியாத அடியேன், தூண்டில் கடைக்குப் போனேன்.

"என்ன மீனுக்கு?" என்று மலாயில் கேட்டார் கடைக்காரர்.

"மீனுக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக்கு."

அவர் கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தார். "அங்கே மீன் பெரிதாக இருக்குமோ?" என்றபடி, இன்னும் தடித்த கம்பு ஒன்றை எடுத்து வந்தார்.

அதைப் பால்கனியில் பொருத்திய அன்றே என் மனைவி பாக்கியம் போர்க்கொடி தூக்கினாள். மூன்று தலைமுறை மலாயாவில் ஊறியும் கரையாத யாழ்ப்பாணத் தமிழ் அவளுடையது.

"இஞ்சருங்கோ, சைவ வீட்டு முகப்பில தூண்டிலோ? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்? கிழவன் மச்சம் சாப்பிடத் தொடங்கிட்டார் எண்டெல்லோ சொல்லுவினம்!"

மறுநாளே பட்டணத்துக்குப் போய், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றை வாங்கி வந்து கம்பு தெரியாமல் சுற்றிவிட்டாள். கீழேயிருந்து பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் போலத் தெரிந்தது. கமிட்டி ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லையே?

சரி, இத்தனை பாடு யாருக்காக?

பருத்தித்துறையில் இருக்கும் குமாரசாமிக்காக. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. இந்த அடுக்குமாடிக்கு வரும் முன்பே வானலையில் சந்தித்து, வானலையிலேயே நட்பாகி, இருவரும் அங்கேயே நரைத்தோம். எங்களுக்கிடையே வங்காள விரிகுடா கிடப்பது ஒரு பொருட்டன்று. எங்கள் வீட்டுக்கு எதிரே பினாங்குக் கொடிமலை நிற்பதுதான் தொல்லை. அந்தத் தோரணக் கம்பு நீண்ட பிறகே என் ஒலி மலையைத் தாண்டியது.

தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் குமாரசாமிக்குக் குரல் இல்லை. தொலைபேசியால் அவருக்குப் பயனில்லை. "வாட்ஸ்அப் இருக்கிறதே அப்பா?" என்கிறாள் என் மகள். இருக்கிறது. தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புகிறார். ரோஜாப்பூவிடம் நான் என்ன பேசுவது? மோர்ஸில் அவருடைய கை கேட்கும். தயங்கும் இடம் தெரியும், களைப்புத் தெரியும். எங்கள் பொழுதுபோக்கின் விதிப்படி வானலையில் பாட்டுப் பாடக் கூடாது. ஆகவே நான் ஒரு பதிகத்தின் முதலடியைப் பண் இல்லாமல் தட்டுவேன். அவர் அடுத்த அடியைத் தட்டுவார். தட்டுவது ஆங்கில எழுத்தில்தான். எம்பெருமான் பொறுத்துக்கொள்வான்.

அவர் சிரிப்பதும் எனக்குக் கேட்கும். மோர்ஸில் சிரிப்புக்கு ஒரு வழக்கம் உண்டு: ஹெச், ஐ. நான்கு குறுகிய தட்டு, இரண்டு குறுகிய தட்டு. மீண்டும் நான்கு, இரண்டு. குரல் போன மனிதர் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே இடம் இன்று அதுதான். கம்பி போனால், அதுவும் போகும்.

மீண்டும் வரிசைக்கு வருவோம்.

பக்கத்து வீட்டு ஊய் அன்ட்டி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சென்றார். தனியே வாழ்பவர், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் அம்மனிடம் ஆழ்ந்த பக்தி உள்ளவர். அவர் பேசுவது சந்தை மலாய். தமிழில் தருகிறேன்.

"பாருங்க அங்கிள்! நீங்க அந்தப் பக்கம் டொக் டொக்னு மரமீன் தட்டுனா, இந்தப் பக்கம் அம்மா விளக்கு கண் சிமிட்டுது!"

மரமீன் என்பது சீனக் கோயில்களில் மந்திரம் ஓதும்போது தட்டும் மீன் வடிவ மரக் கருவி. சுவருக்கு அப்பால் கேட்ட என் மோர்ஸ் சாவியை அவர் மரமீன் என்று எண்ணிவிட்டார். முதலில் தூண்டில், இப்போது மரமீன். சைவக் குடும்பத்துக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

அம்மன் சந்நிதியின் இருபுறமும் சிவப்பு மின்விளக்குகள். அந்த மாடத்துக்கு நேர் பின்னால்தான் என் பூசை அறை மூலை. என் கம்பி தொடங்கும் இடம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் தட்டும்போது கம்பியிலிருந்து கிளம்பும் அலை, சுவரைக் கடந்து அந்த மலிவு விளக்கின் வயரில் புகுந்து, அதை மினுக்குகிறது. இதற்கு எங்கள் உலகில் பெயர் குறுக்கீடு. ஊய் அன்ட்டியின் உலகில் அருள்.

"அஞ்சஞ்சா சிமிட்டுது அங்கிள்," என்றார் முனியாண்டி. "மத்ததெல்லாம் ஸ்பீடா போவுது, எண்ண முடியல. நடுவுல ஸ்லோவா வருது பாருங்க: அஞ்சு, அஞ்சு, அஞ்சு. அன்ட்டி அஞ்சையே நாலு தடவ போட்டு நாலு நம்பர் எடுத்தாங்க. விழுந்துருச்சு! ஆறுதல் பரிசுதான், ஆனா விழுந்துச்சு லா!"

நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு பினாங்கில் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் மோதினால், காயமுற்றவரைப் பார்ப்பதற்கு முன் நம்பர் தகட்டைப் பார்க்கும் ஊர் இது.

அந்த ஐந்தின் இரகசியம் இதுதான். மோர்ஸில் எந்த இலக்கத்தை எடுத்தாலும் ஐந்து குறிகள். ஒன்றுக்கும் ஐந்து, ஒன்பதுக்கும் ஐந்து; குறுகியதும் நீண்டதும் கலக்கும் விதம்தான் மாறும். 'உங்கள் ஒலி தெளிவு' என்று தெரிவிக்க 599 என்ற எண்ணை நாங்கள் அனுப்புவது வழக்கம். குமாரசாமிக்காக இலக்கங்களை மட்டும் நிதானமாக, திரும்பத் திரும்பத் தட்டுவேன். எண்ணிப் பார்ப்பவருக்கு எல்லாம் ஐந்துதான்.

இந்த ஐந்தை எண்ணி அடியேன் எத்தனை முறை உருகியிருக்கிறேன்! எந்த எண்ணை அனுப்பினாலும் அதற்குள் ஐந்தெழுத்து ஒளிந்திருக்கிறதே என்று இதே பத்தியில் ஒருமுறை எழுதியும் இருக்கிறேன். இப்போது அதே ஐந்து சீட்டுக் கடையில் போய் நிற்கிறது.

வீட்டுக்குத் திரும்பி இதைப் பாக்கியத்திடம் சொல்லிப் புலம்பினேன்.

"நீங்கள் அஞ்சைக் கண்டால் ஐந்தெழுத்து எண்டு உருகிறியள். அவ அஞ்சைக் கண்டால் நாலு நம்பர் எண்டு ஓடுறா," என்றாள். "அவவுக்காவது பரிசு விழுந்தது."

அன்று பிற்பகலே கமிட்டித் தலைவர் தனபாலன் வந்துவிட்டார். பத்து காவானில் ஒரு ஃபேக்டரியில் மேனேஜர், நல்ல மனிதர், விதி என்றால் விதி. நடைபாதையில் கூட்டம் என்று புகார் போயிருக்கிறது. காரணத்தைத் தேடி வந்தவர், தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். காற்றில் ஒரு பிளாஸ்டிக் இலை விலக, உள்ளே தூண்டில் கம்பு பளபளத்தது.

"நாளைக்கு மீட்டிங் இருக்கு அங்கிள். அங்க பேசிக்கலாம்."

அன்றிரவு பால்கனியில் போய் உட்கார்ந்து யோசித்தேன். என் முன் இருந்த வழி மிக எளிது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அது சமயப் பொருள் என்று கட்டடமே சாட்சி சொல்லும். குமாரசாமியின் சிரிப்பு எனக்கு மிஞ்சும். ஆனால் எம்பெருமான் பெயரைச் சொல்லி ஒரு கம்பியைக் காப்பாற்றுவதா? நாள்தோறும் நாவில் ஏற்றும் பெயரை நான் வளைத்துக் கொக்கியாக்கினால், அதற்குப் பெயரும் தூண்டில்தானே?

மறுநாள், கீழ்த்தளக் கூடத்தில் உட்கார இடமில்லை. கட்டடத்தின் வரலாற்றில் அப்படி ஒரு வருகை இருந்ததில்லை. பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசக் கூட்டியபோது வந்தவர்களை ஒரே லிஃப்டில் ஏற்றிவிடலாம்.

"அங்கிள், சிம்பிள் கொஸ்டீன்தான்," என்றார் தனபாலன். "அது சாமி சாமானா, ரேடியோ சாமானா? சாமின்னா இருக்கட்டும். ரேடியோன்னா கழட்டணும். ரூல்ஸ் லா."

எழுந்து நின்றேன்.

"ரேடியோ," என்றேன்.

குறுக்கீட்டைப் பற்றியும், வயரைப் பற்றியும், மோர்ஸ் இலக்கங்களைப் பற்றியும் விளக்கினேன். ஒருவர் முகத்திலும் சலனமில்லை. "வாருங்கள், காட்டுகிறேன்," என்றேன்.

லிஃப்ட் பல நடை நடந்து அனைவரையும் மேலே கொண்டு வந்தது. ஊய் அன்ட்டி வீட்டில் விளக்கின் முன் நின்றபடி, என் வீட்டில் சாவியின் அருகே உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கைப்பேசியில் சொன்னேன்: "பாக்கியம், அழுத்து."

விளக்கு துள்ளியது.

"விடு."

அடங்கியது.

"பார்த்தீர்களா? சாவியை அழுத்தினால் மினுங்குகிறது. அவ்வளவுதான். அற்புதம் ஒன்றும் இல்லை."

"ஐயோ," என்றார் முனியாண்டி மெய்சிலிர்த்து. "அக்காவுக்கும் சக்தி வந்துருச்சு!"

விடுவேனா? சட்டைப்பையில் ஆயத்தமாக வைத்திருந்த ஃபெரைட் வளையத்தை எடுத்தேன். கறுப்பாக, கட்டைவிரல் அளவில் இருக்கும். மின்வயரைக் கவ்விக்கொண்டால் வானலையை உள்ளே விடாது. விளக்கின் வயரில் அதை மாட்டினேன். "இப்போது அழுத்து, பாக்கியம்." விளக்கு அசையவில்லை. நின்று நிதானமாக எரிந்தது.

வெற்றியோடு திரும்பினேன். எதிரே நின்ற முகங்களைப் பார்த்ததும் வெற்றி கரைந்தது.

"என் அம்மா கண்ணை மூடிட்டா," என்றார் ஊய் அன்ட்டி. அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னா அங்கிள், சாமிக்கே தாயத்துக் கட்டிட்டீங்களே!" என்றார் முனியாண்டி.

தனபாலன் தொண்டையைச் செருமினார். "சரி, அங்கிளே ரேடியோன்னு சொல்லிட்டாரு. சோரி அங்கிள். கழட்டிருங்க."

தலையசைத்தேன். வேறென்ன செய்ய? நாளைக் காலையில் குமாரசாமி அழைப்பார். பதில் வராது. மறுநாளும் அழைப்பார். அவருக்குக் குரல் இருந்தால் சத்தம் போட்டாவது கூப்பிடுவார்...

"யாரு கழட்டுறது?" ஊய் அன்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தார். "நெசமான சாமியார் எவராவது தன்னைச் சாமியார்னு சொல்லிக்குவாரா? இல்லைன்னுதான் சொல்லுவாரு! போலிச் சாமியாரா இருந்தா, ஆமாம் ஆமாம்னு இந்நேரம் உண்டியல் வச்சிருப்பாரு!"

கூட்டம் முழுதும் தலையாட்டியது. நான் பதறினேன். "இல்லை அன்ட்டி, சத்தியமாக..."

"பாத்தீங்களா? மறுபடியும் இல்லைங்கறாரு!"

"அன்ட்டி, அவரே வாயால ரேடியோன்னு..." என்று தொடங்கினார் தனபாலன்.

முனியாண்டி குறுக்கிட்டார். "தனபாலா, உங்க ஃபேக்டரியில ஆயுத பூசைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சு எலுமிச்சம்பழம் நசுக்குறீங்களே, அது சாமி சாமானா, மெஷினா?"

தனபாலன் நேர்மையானவர்.

"அது... ரெண்டும் லா."

"அப்ப இதுவும் ரெண்டும் லா!"

நடைபாதையிலேயே வாக்கெடுப்பு நடந்தது. தோரணம் இருக்கட்டும் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன, தனபாலனுடையதும். எதிர்த்து உயர்ந்தது ஒரே கை. என்னுடையது. கையை இறக்கும்படி என் மனைவி வாசலிலிருந்து கண்ணால் அதட்டினாள்.

பொய் சொல்லித் தப்பிப்பவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி, நிரூபித்தும் காட்டி, அதனாலேயே தப்பித்தவனை நான் கண்ணாடியில்தான் பார்க்கிறேன். நாம் சொல்வதை உலகம் கேட்பதில்லை. சொல்லும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அடியார்களுக்கே அந்தக் கதி என்றால், ரேடியோக்காரன் எம்மாத்திரம்?

திங்கட்கிழமை காலை, பூசை முடிந்ததும் சாவியின் முன் அமர்ந்தேன். குமாரசாமி வந்தார். தூண்டில் கடை முதல் வாக்கெடுப்பு வரை எல்லாவற்றையும் தட்டிச் சொன்னேன்.

பிறகு கேட்டது. நான்கு, இரண்டு. நான்கு, இரண்டு. நிறுத்தாமல், மூச்சு முட்ட, மீண்டும் மீண்டும். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. நானும் பதிலுக்குச் சிரித்தேன், நிதானமாக. இந்தச் சிரிப்பை அவசரமாகத் தட்ட மனம் வரவில்லை.

கதவு தட்டப்பட்டது.

ஊய் அன்ட்டி! மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. அந்தக் கயிற்றில் என் ஃபெரைட் வளையம். வயரிலிருந்து கழற்றி, தாயத்தாகக் கட்டிக்கொண்டுவிட்டார். குறுக்கீடு என்று புகார் வந்தால் நீக்குவது ரேடியோக்காரர்களின் கடமை. நீக்கியதுதான் குறை என்று புகார் வந்தால் எந்த விதியைப் புரட்டுவது?

"அங்கிள், புது நம்பர்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "நாலு, ரெண்டு, நாலு, ரெண்டு!"

"அது நம்பர் இல்லை அன்ட்டி," என்றேன். "அது சிரிப்பு."

"தெரியும் அங்கிள்," என்றார் அவர். "அம்மாவுக்கு இன்னைக்குச் சிரிச்ச முகம்."



அந்த நம்பர் விழுந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். சீட்டு என் மனைவியின் கைப்பையில் இருக்கிறது.